டிஸ்னி வேர்ல்டில குடும்பமா கேம்பிங்: 71 வயசு அம்மாவோட டென்டில தங்கேலுமா?

கொழும்பு6_தங்கச்சி

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமா வாசிக்கிறதோட மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் முதல் தரம் எழுதுறன். நாங்கள் வெள்ளவத்தை. நான், இவர், 8 வயசு மகன், 4 வயசு மகள், அதோட என்ட அம்மா. அம்மாக்கு 71, முழங்கால் நோ, நடப்பா ஆனா மெதுவாத்தான். தம்பி குடும்பம் ஸ்காபரோவில, அவையள் நாலு பேர். அம்மா தம்பியைக் கண்டு ஆறு வருசத்துக்கு மேல ஆச்சு, அவன்ட சின்னவளை ஃபோன் ஸ்கிரீனில மட்டும்தான் பாத்திருக்கிறா.

அமெரிக்க விசா எங்கள் எல்லாருக்கும் கிடைச்சிட்டுது. தம்பி சொல்றான் ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குள்ளயே ஃபோர்ட் வில்டர்னஸ் எண்டு ஒரு கேம்பிங் இடம் இருக்காம், தாங்கள் மோட்டர் ஹோம், படுக்கை குசினியோட வீடு மாதிரி இருக்கிற பெரிய வான், வாடகைக்கு எடுத்து ஓடி வருவினமாம், நாங்கள் பக்கத்தில டென்ட் அடிச்சா ஒம்பது பேரும் ஒண்டா இருக்கலாமாம். இவர் சொல்றார் அவ்வளவு தூரம் போய் நிலத்தில படுக்கிறதோ, ஒழுங்கா ஹோட்டல் போடுவம் எண்டு. இங்க ஒரு டிராவல் ஏஜென்டிட்ட கேக்கப் போனால் அவர் அம்மாவை ஒருக்காப் பாத்திட்டு "வயசான ஆக்களோட இதெல்லாம் சரிவராது" எண்டு அவவுக்கு முன்னாலயே சொல்லிட்டார், அம்மா வீட்டை வந்தும் அதையே யோசிச்சுக்கொண்டிருந்தவ. எனக்கு அது மனசில குத்திக்கொண்டே இருக்கு.

போன ஆக்கள் ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ. ஆகஸ்ட் லீவா டிசம்பர் லீவா, சாப்பாடு எப்பிடி, அம்மாவுக்கு சரிவருமா?

கொட்டாஞ்சேனை13

அக்கா நான் நேரா சொல்றேன் தப்பா நினைக்காதீங்க. டென்ட்ல படுக்கணும்னா ஹோர்ட்டன் பிளேன்ஸ் இருக்கு, கல்பிட்டி இருக்கு, ராட்டினம் மாதிரி ரைட் போகணும்னா பிள்ளைங்கள ஹங்வெல்லக்கோ பண்டாரகமவுக்கோ கூட்டிட்டுப் போகலாம். அவ்ளோ தூரம் போறதுன்னா காலைல கேட் திறக்கறதிலிருந்து ராத்திரி மூடுற வரைக்கும் பார்க்ல இருக்கணும், அப்பதான் குடுத்த காசுக்கு வேலை. டிஸ்னிக்கு வெளிய கிஸ்ஸிமீ பக்கம் ஹோட்டல் எவ்வளவோ மலிவு, ரூம்ல ஏசி, சுடுதண்ணி. கேம்பிங்ல மிச்சம் பிடிக்கிற காசு, உள்ள சுத்துறதுக்கு எடுக்கற கோல்ஃப் கார்ட்ங்கற குட்டி வண்டி வாடகைலயே போயிடும்.

பம்பலப்பிட்டி_அக்கா

தங்கச்சி, நாங்கள் போனனாங்கள். ஆகஸ்டில ஒருக்கா, டிசம்பரில ஒருக்கா, ரெண்டு தரமும் அதே ஃபோர்ட் வில்டர்னஸ்தான், ரெண்டாம் தரம் என்ட மாமியையும் கூட்டிக்கொண்டு. அதால கொஞ்சம் நீட்டாச் சொல்றன்.

முதல்ல கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு. காசு மிச்சம் பிடிக்க எண்டு போனா நீங்கள் சொல்றது சரி, வெளிய இதைவிட மலிவான இடம் எத்தினையோ இருக்கு. ஆனா இந்தத் தங்கச்சி கேக்கிறது அது இல்லை. ஆறு வருசம் பிரிஞ்சிருந்த ஒரு தாயும் மகனும் எங்க இருந்து கதைக்கப் போயினம் எண்டதுதான் இங்க விசயம். ஹோட்டலில ரெண்டு ரூம் போட்டா ஒம்பது பேரும் ஒண்டா இருந்து சாப்பிட ஒரு இடம் வராது, காலமை லிஃப்டுக்குள்ள கண்டு இரவு லிஃப்டுக்குள்ள பிரியிறதுதான். கேம்ப் சைட் ஒண்டில 10 பேர் வரைக்கும் இருக்கலாம், ஒவ்வொரு சைட்டிலயும் ஒரு மர மேசை, கரி போடுற கிரில், தண்ணிக் குழாய், கரண்ட். அந்த மேசைதான் எங்கட ரெண்டு பயணத்தின்ரையும் நடு வீடா இருந்தது.

இடம் எப்பிடி எண்டா, 1971 நவம்பரில திறந்தது, டிஸ்னி வேர்ல்ட் திறந்து ரெண்டு மாசம் ஆகேக்க முதலே. கிட்டத்தட்ட 750 ஏக்கர், பைன் மரமும் சைப்ரஸ் மரமும், கொப்பில எல்லாம் சாம்பல் நிறத்தில தாடி மாதிரிப் பாசி தொங்கும். ஏறத்தாழ 800 சைட், அதுகளை லூப் லூப்பா, அதாவது வளைஞ்சு திரும்பி வாற சின்ன ரோட்டு ரோட்டாப் பிரிச்சு நம்பர் குடுத்திருக்கு. லூப்புகளுக்குப் பொதுவா கம்ஃபர்ட் ஸ்டேஷன் எண்டு கட்டிடங்கள் இருக்கு, டொய்லட், ஷவர், உடுப்புத் தோய்க்கிற மெஷின் எல்லாம் அதுக்குள்ள. எங்கட ஊர்ப் பொதுக் கழிப்பறையை நினைச்சுப் பயப்பிட வேண்டாம், நல்ல துப்பரவு. ஆனா அம்மாவுக்கு சரிவருமா எண்டு கேட்டா, டென்டில வேண்டாம். சுத்தத்தைப் பற்றி இல்லை, இரவு 2 மணிக்கு எழும்பி இருட்டுக்குள்ள நடக்கிறதைப் பற்றித்தான் சொல்றன். நிலத்தில படுத்தெழும்பிறதும் முழங்காலுக்கு ஆகாது.

அதுக்கு வழி இருக்கு. அதே காட்டுக்குள்ளயே கேபின் எண்டு சின்ன மரவீடு மாதிரி இருக்கு, 6 பேர் படுக்கலாம், கட்டில், பாத்ரூம், சமையலறை, ஏசி. பழைய கேபினை எடுத்துப்போட்டு 2024ல புதுசு வச்சிருக்கினம். நீங்கள் அஞ்சு பேரும் கேபினில, தம்பி ஆக்கள் மோட்டர் ஹோமோட ஒரு சைட்டில. ரெண்டும் ஒரே லூப்பில வராது, ஆனா உள்ளுக்க பஸ் ஓடுது. கோல்ஃப் கார்ட் எடுத்தா அம்மாவை ஒரு அடி நடக்க விடாமக் கொண்டு திரியலாம், அது கெதியா முடிஞ்சிடும், ரூம் போடேக்கயே சேத்துக் கேளுங்கோ. அந்த ஏஜென்ட் அம்மாவுக்கு முன்னால சொன்னதை நினைக்க எனக்கும் கோவம்தான் வருது. என்ட மாமிக்கு அப்ப 74.

கால்வாய்க்கரை

நல்ல இழை. நான் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம், தொழில் சிவில் என்ஜினியர், பம்பலப்பிட்டி அக்கா சொன்ன இடத்துக்கு 2023ல போனனான். அங்க எனக்குப் பிடிச்சது ரைட் இல்லை, தண்ணி. அந்த இடம் முந்திக் கனக்கச் சதுப்பு. அதை மேட்டு நிலமா மாத்த ஜோ பொட்டர் எண்ட ஒருத்தரைப் பிடிச்சவை, அவர் அதுக்கு முதல் பனாமா கால்வாய்ப் பிரதேசத்துக்கு ஆளுநரா இருந்த இராணுவ என்ஜினியர். கால்வாய் வெட்டி, தண்ணி மட்டத்தைத் தானாக் கட்டுப்படுத்திற கேட்டுகள் வச்சு, நிலத்தை எடுத்திருக்கினம். எங்கட கால்வாய்க்குப் பக்கத்தில வளந்த எனக்கு அந்த ஓடுற தண்ணியைப் பாக்கேக்க வயிறெரிஞ்சது, தண்ணி தேங்காட்டி நுளம்பும் குறைவு, எங்களுக்கு வருசா வருசம் டெங்கு.

பிள்ளையளுக்குக் கட்டாயம் காட்டுங்கோ: ஃபோர்ட் வில்டர்னஸ் இறங்குதுறையில இருந்து மேஜிக் கிங்டம் எண்ட பார்க்குக்கு போட் போகும், பஸ் தேவையில்லை. போட் வெளிக்கிடுற பே லேக் இயற்கையா இருந்த ஏரி, மற்றப் பக்கம் இருக்கிற செவன் சீஸ் லகூன் வெட்டினது. ரெண்டையும் இணைக்கிற இடத்தில போட் ஒரு பாலத்துக்கு மேலால போகும், கீழ ரோட்டில கார் போகும். போட் மேல, கார் கீழ! என்ட மகன் மூண்டு தரம் திரும்பத் திரும்பப் போகக் கேட்டவன். லகூன் வெட்டின மண்ணைத்தான் மேஜிக் கிங்டத்தில கொட்டி உயர்த்தினது, அதால நாங்கள் நடக்கிற தெரு உண்மையில ரெண்டாம் தட்டு, கீழ்த் தட்டில வேலையாட்கள் போய்வாற பாதைகள்.

ஏரியில குளிக்க விடமாட்டினம். முதலை எண்டு போர்டு போட்டிருக்கு, அதைச் சும்மா எடுக்காதீங்கோ, 2016ல லகூன் கரையில ஒரு சின்னப் பிள்ளையை முதலை பிடிச்சது. 4 வயசு எண்டபடியாச் சொல்றன், கரையில கையைப் பிடிச்சபடியே இருங்கோ. குளிக்க நீச்சல்குளம் வேறயா இருக்கு.

தெமட்டகொட_வாப்பா

சிஸ்டர், நாங்க 2018ல போன, ஆனா ஹோட்டல்ல. ஒண்டு சொல்றன், பிள்ளைகள்ட உயரத்த இங்கயே அளந்துட்டுப் போங்க. ஸ்பேஸ் மவுண்டன் ரைட்டுக்கு 112 சென்டிமீட்டர் வேணும், செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெய்ன் ரைட்டுக்கு 97. எங்கட மவளுக்கு ஸ்பேஸ் மவுண்டனுக்கு கொஞ்சம் குறைவு, வரிசையில போய் நிண்டதுக்குப் பிறகு ஏலாண்டு சொன்ன, அவ அழுத அழுகை இன்னும் கண்ணுக்குள்ள. முதல்லயே சொல்லி வச்சிருந்தா அவ்வளவு அழுதிருக்க மாட்டா, அது எங்கட பிழை. சின்னவ ஏற ஏலாத ரைட்ல பெரிய ஆக்கள் மாறி மாறி ஏறலாம், ரெண்டாவது ஆள் திரும்ப முழு வரிசையில நிக்கத் தேவல்ல, ரைடர் ஸ்விட்ச் எண்டு கேளுங்க. 3 வயசு முடிஞ்ச பிள்ளைக்கு டிக்கெட் எடுக்கத்தான் வேணும், 10ல இருந்து பெரியாக்கள் விலை.

எனக்கொரு கேள்வி அக்காட்ட. எங்களுக்கு ஹலால் சாப்பாடுதான் அங்க பெரிய கரைச்சலா இருந்த. கேம்ப் சைட்ல நாங்களே சமைக்க ஏலுமா? தொழ இடம்?

பம்பலப்பிட்டி_அக்கா

தம்பி, தாராளமாச் சமைக்கலாம், அதுதான் அந்த இடத்தின்ட பெரிய வசதி. ஓர்லாண்டோவில ஹலால் இறைச்சிக் கடை இருக்கு, வாங்கிக்கொண்டு வந்து நீங்களே போடலாம். தொழுறதுக்கு உங்கட சைட்டிலேயே பாய் விரிக்கலாம், மரநிழல், தண்ணிக் குழாய் பக்கத்தில.

சாப்பாட்டு விசயம் எல்லாருக்கும் பொதுவா எழுதுறன், ஏனெண்டா நாங்கள் பட்டுப் பழகினது.

கறிவேப்பிலை கொண்டு போகாதீங்கோ. நான் முதல் தரம் ஒரு கட்டுச் சுத்தி வச்சனான், ஏர்போட்டில எடுத்துப் போட்டினம். அந்த ஆள் ஆறுதலாத்தான் விளங்கப்படுத்தினவர்: கறிவேப்பிலையில இருக்கிற ஒரு சின்னப் பூச்சி தோடை மரத்துக்கு நோயைக் கொண்டு போகுமாம், ஃபுளோரிடாவில 2005ல அந்த நோய் கண்டுபிடிச்சதுக்குப் பிறகு தோடந்தோட்டங்கள் கனக்க அழிஞ்சு போச்சாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு மறுகதை வரேல்ல. அரிசியும் வேண்டாம், இறைச்சி வேண்டாம். வறுத்த கறித்தூள், மிளகாய்த்தூள் கொண்டு போகலாம், ஆனா சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் ஃபோமில எழுதிக் குடுங்கோ, ஒளிக்காதீங்கோ. அரிசி பருப்பு அங்க இந்தியன் கடையில வாங்கலாம்.

ரைஸ் குக்கரும் இங்க இருந்து வேண்டாம்! அங்க கரண்ட் 120 வோல்ட், எங்கட 230. எங்கட குக்கரைக் குத்தினா வெடிக்காது, ஆனா சூடு கால்வாசிதான் வரும். நாங்கள் ஒரு மணித்தியாலம் பாத்துக்கொண்டிருந்தம், அரிசி ஊறிக் கிடந்தது, வேகேல்ல. பிள்ளையள் பசியில. அண்டைக்கு இரவு பாண்தான். ஃபோன் சார்ஜர் பிரச்சினை இல்லை, பின்னால 100-240 எண்டு போட்டிருந்தாச் சரி, பிளக் மாத்திற கட்டை மட்டும் வேணும்.

மற்றது ரக்கூன். சாப்பாட்டை வெளிய விடவே கூடாது. கூலர் பெட்டியை மேசைக்குக் கீழ வச்சிட்டுப் படுத்தனாங்கள், நடுச்சாமம் டிக் எண்டு மூடி திறக்கிற சத்தம். டென்ட் சிப்பைக் கொஞ்சமாத் திறந்து பாத்தா, பூனையை விடக் கொஞ்சம் பெரிசு, கண்ணைச் சுத்திக் கறுப்பு, பெட்டிக்குப் பக்கத்தில குந்தி இருக்கு. கை எங்கட கை மாதிரி அஞ்சு விரல். அம்மா பக்குவமாச் சுத்தித் தந்துவிட்ட முறுக்குப் பையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, இழுத்துக் கிழிக்காம, முடிச்சு இருந்த இடத்தைத் தேடிப் பிரிச்சுது. பிறகு ஒண்டொண்டா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துச் சாப்பிட்டுது. மகள் என்ட தோளுக்குப் பின்னால இருந்து மூச்சு விடாமப் பாத்துக்கொண்டிருந்தவ. அண்டையில இருந்து சாப்பாடு எல்லாம் காருக்குள்ள.

கொட்டாஞ்சேனை13

சரி அக்கா, கேபின் ஐடியா நல்லா இருக்கு, அம்மாவ நான் யோசிக்காம எழுதிட்டேன். ஆனா டிக்கெட் விஷயத்துல நான் சொன்னதுதான். எத்தனை நாள் அங்க இருக்காங்களோ அத்தனை நாளும் பார்க் போகணும். நாள் கூடக் கூட ஒரு நாளுக்கு விழுற விலை குறையுது, நாலு பார்க் இருக்கு, திரும்ப எப்ப போகப்போறாங்க?

பம்பலப்பிட்டி_அக்கா

இதில நான் உங்களோட ஒத்துவர மாட்டன் தம்பி, ஏனெண்டா முதல் தரம் நாங்கள் அதைத்தான் செய்தனாங்கள். அஞ்சு நாளும் டிக்கெட். இங்க இருந்து டுபாய் நாலரை மணித்தியாலம், டுபாயில இருந்து ஓர்லாண்டோவுக்கு நேரா இன்னொரு 16 மணித்தியாலம் அளவில. நேர வித்தியாசம் டிசம்பரில பத்தரை மணித்தியாலம், பகல் இரவு அப்பிடியே தலைகீழ். இறங்கின அடுத்த நாள் பார்க்குக்குப் போய் மத்தியானம் ரெண்டு பிள்ளையளும் வரிசையிலயே நிண்டபடி நித்திரை. மூண்டாம் நாள் சின்னவனுக்குக் காய்ச்சல். காசு குடுத்தாச்சு எண்டு இழுத்துக்கொண்டு திரிஞ்சம், அதை இப்ப நினைக்கவும் மனம் நோகுது.

ரெண்டாம் தரம் எட்டு இரவு, மூண்டே மூண்டு நாள் டிக்கெட். முதல் ரெண்டு நாள் எங்கயும் போகேல்ல. பிள்ளையள் விடிய 3 மணிக்கு எழும்பினா எழும்பட்டும் எண்டு விட்டம், தேத்தண்ணி போட்டுக் குடிச்சம், விடியேக்க மான் ரெண்டு லூப்புக்குள்ளால நடந்து போச்சு. டிக்கெட் இல்லாம அந்தக் காட்டுக்குள்ள என்ன இருக்கு எண்டு நினைக்காதீங்கோ: குதிரை லாயம் இருக்கு, போய்ப் பாக்கலாம். குளத்தில சறுக்கு இருக்கு. பின்னேரம் பொது இடத்தில பெரிய நெருப்பு மூட்டி, சிப் டேல் ரெண்டு அணிலும் வந்து பாட்டு, பிள்ளையள் மார்ஷ்மல்லோ குச்சியில குத்திச் சுடுவினம், பிறகு வெளியிலயே திரை கட்டிப் படம். அதுக்குக் காசு இல்லை. மேஜிக் கிங்டத்தில வெடி விடேக்க ஏரிக்கரையில கதிரை போட்டு இருந்தா இங்க இருந்தே தெரியும், மாமி ஒரு நாளும் அந்தச் சனத்துக்குள்ள நிக்காம ஒவ்வொரு இரவும் பாத்தவ.

தங்கச்சி, உங்கட அம்மாவுக்கு ஒரு நாள் டிக்கெட் போதும், மேஜிக் கிங்டம் மட்டும், போட்டில போய் போட்டில வாறது. அனிமல் கிங்டம் எண்ட மற்றப் பார்க்குக்கு மிச்ச ஆக்கள் பஸ்ஸில போகட்டும், இறங்கி மாறி ஏற நேரம் எடுக்கும். அண்டைக்கு அம்மாவும் தம்பியும் சைட்டில இருக்கட்டும்.

தெமட்டகொட_வாப்பா

அக்கா சொல்றது சரி. எங்களுக்கும் ஞாபகம் இருக்கிறது ரைட் இல்ல, ஹோட்டல் குளத்துக்குப் பக்கத்துல உம்மா பிள்ளைகளுக்கு கத சொன்னதுதான். மெய்யா பார்க்குக்குள்ள வெளிச் சாப்பாடு கொண்டு போக விடுவாங்க, போத்தல் கண்ணாடியில இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நாங்க ரொட்டியும் சம்பலும் சுத்திக்கொண்டு போன.

கால்வாய்க்கரை

மாசம் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. ஆகஸ்ட் வேண்டாம். கொழும்பு ஆக்களுக்கு வெயில் பழக்கம் எண்டு நினைப்பம், ஆனா அங்க கடல்காத்து இல்லை, பின்னேரம் அநேகமா ஒவ்வொரு நாளும் இடியோட மழை, எங்கட ஒக்டோபர் மாதிரி. மின்னல் வந்தா போட்டும் நிப்பாட்டி குளமும் மூடிடுவினம். ஜூன் முதலாம் திகதியில இருந்து நவம்பர் 30 வரைக்கும் சூறாவளிக் காலம் வேற. டிசம்பர் நல்லம், ஆனா நத்தார் கிழமை சனம் நெரிக்கும், அதுக்கு முதல் ரெண்டு கிழமை பாருங்கோ. சில இரவு 10 பாகைக்குக் கீழ போகும், நுவரெலியா உடுப்பு கொண்டு போங்கோ. டிசம்பரில கேம்பிங் ஆக்கள் தங்கட சைட்டையும் கோல்ஃப் கார்ட்டையும் லைட் போட்டுச் சோடிப்பினம், இரவில லூப் லூப்பா நடந்தாலே ஒரு திருவிழா.

தம்பிக்கு ஒண்டு சொல்லுங்கோ: ஸ்காபரோவில இருந்து 2000 கிலோமீட்டருக்கு மேல, ஒரே ஓட்டமா வேண்டாம். மோட்டர் ஹோமுக்குக் கழிவுக் குழாய் இணைப்பு இருக்கிற சைட் வேணும், டென்ட் சைட்டில தண்ணியும் கரண்ட்டும் மட்டும்தான்.

கொழும்பு6_தங்கச்சி

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்றதெண்டு தெரியேல்ல. நேற்று இரவு முழு இழையையும் இவருக்கு வாசிச்சுக் காட்டினனான். கேபின் எண்டதும் இவர் ஓமெண்டிட்டார். டிசம்பர் ரெண்டாம் கிழமை பாக்கிறம். எங்களுக்கு ஒரு கேபின், தம்பிக்கு ஒரு சைட், மூண்டு நாள் டிக்கெட், அம்மாவுக்கு ஒரு நாள். முதல் ரெண்டு நாளும் ஒண்டும் இல்லை.

மகளைச் சுவரோட நிப்பாட்டி அளந்தம், 101. மைன் ட்ரெய்ன் சரி, ஸ்பேஸ் மவுண்டன் இல்லை எண்டு இப்பவே சொல்லியாச்சு, கொஞ்சம் மூஞ்சையை நீட்டினவ, பிறகு ரக்கூனைப் பற்றிக் கேக்கத் தொடங்கிட்டா.

அம்மாட்ட சொன்னன், ஏஜென்ட் சொன்னது பிழை, 74 வயசில ஒரு அம்மா போய் வந்திருக்கிறா எண்டு. கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்ல. பிறகு குசினிக்குள்ள போய்த் தூள் டப்பாவைத் திறந்து பாத்திட்டு, "இது காணாது, மல்லி இன்னும் ஒரு கிலோ வாங்கு, அவனுக்குக் குடுத்துவிடவும் வேணும்" எண்டா. இன்னும் ஏழு மாசம் இருக்கு!

பம்பலப்பிட்டி அக்கா, ஒரு கடைசிக் கேள்வி. அந்தக் கரி கிரிலில தேங்காய் ரொட்டி சுடலாமா? அம்மா தம்பிக்கு அதைத்தான் முதல் நாள் செய்து குடுக்கோணுமாம்.

பம்பலப்பிட்டி_அக்கா

சுடலாம், நாங்கள் சுட்டனாங்கள். அங்க சுப்பர்மார்க்கட்டில இரும்புச் சட்டி வாங்குங்கோ, இங்க இருந்து பாரம் தூக்க வேண்டாம். துருவின தேங்காய் இந்தியன் கடையில ஐஸ் கட்டியா இருக்கும், இரவே எடுத்து வெளிய வைக்காம ஃபிரிட்ஜில இளக விடுங்கோ. கரி நல்லாச் சாம்பல் பூத்த பிறகு சட்டியை வையுங்கோ, ஒரு பக்கம் கூடச் சுடும், ரொட்டியைத் தட்டித் தட்டிச் சுத்திக்கொண்டே இருக்கோணும். நாலஞ்சு கூடவாச் சுடச் சொல்லுங்கோ அம்மாட்ட, அந்த வாசத்துக்குப் பக்கத்து சைட் ஆக்கள் எட்டிப் பாப்பினம், எங்களுக்குப் பக்கத்தில ஜோர்ஜியாவில இருந்து வந்த ஒரு வயசான சோடி ரெண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டிட்டு அடுத்த நாள் காலமை ஒரு தட்டு நிறையத் தோடம்பழம் கொண்டுவந்து தந்தவை.